"இருந்திருக்கலாம்"

கல்லடியில் இருக்கிற மச்சான், கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் தமிழர் நிலமான குமரிக்கண்டம் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று தந்தான். "வாசிச்சுப் பார், மறுகா கதைப்பம்" என்றான். சரி என்று பிளேன்டியும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

12ஆம் பக்கத்தில் "இருந்திருக்கலாம்". 30ஆம் பக்கத்தில் அதுவே "இருந்திருக்க வேண்டும்". 50க்கு வந்தால் "நாம் முன்பே நிரூபித்தபடி". எங்கே ஐயா நிரூபித்தீர்கள்? திரும்பப் போய்ப் பக்கம் பக்கமாகத் தேடினேன். இல்லை.

குமரிக்கண்டத்துக்குச் சொல்லும் இன்னொரு பெயரான லெமூரியாவைச் சங்கப் புலவர் வைத்த பெயர் போல எழுதியிருக்கிறார். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரின் லெமூர் என்ற விலங்குகளுக்கு இந்தியாவிலும் உறவு இருப்பதாகக் கருதி, இரண்டையும் இணைத்த நிலம் ஒன்று முன்பு இருந்திருக்கும் என்று சொன்ன ஊகம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் அந்த ஊகத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கடல் ஏறியது உண்மைதான். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீற்றர் கீழே இருந்தது. இலங்கையும் இந்தியாவும் தரையால் ஒட்டிக் கிடந்தன. இதுவே எவ்வளவு பெரிய கதை! புத்தகத்துக்கு அது போதாதாம், குமரிக்கண்டத்தில் விமானமும் பறக்க வேண்டுமாம். 2004இல் கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்த எங்களுக்குக் கடல்கோளை இவ்வளவு சோடித்துத்தானா சொல்ல வேண்டும்?

மச்சானிடம் சொன்னால், "உனக்குத் தமிழ்ப்பற்று ஒள்ளுப்பமும் இல்லை" என்கிறான். இப்போது பிரச்சினை அதுவல்ல. ஓரமெல்லாம் நான் போட்ட கேள்விக்குறிகளை அழித்துத் தரட்டாம். ஒரு அழிரப்பர் முடிந்துவிட்டது, இன்னும் 80ஆம் பக்கம் தாண்டவில்லை.