பேனல் ஓரத்து அமெரிக்கக் கொடி

போன வாரம் கடையில் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்று அடித்துக்கொண்டிருந்தேன். திரை ஓரத்துப் பட்டையில், அதாவது பேனலில், இப்போது எந்த விசைப்பலகை என்று காட்டும் இடத்தில் இந்தியக் கொடி. நடுவில் ஓர் அண்ணன் வந்து, நில அலுவலகத்துக்கு மலாயில் அவசரமாக ஒரு கடிதம் வேண்டும் என்றார். விசைப்பலகையை மாற்றினேன். அமெரிக்கக் கொடி! மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊரில் உட்கார்ந்துகொண்டு மலேசிய அரசாங்கத்துக்கு மலாயில் கடிதம் அடிக்கிறேன், தலைமாட்டில் அமெரிக்காக்காரன் கொடி.

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. என் கணினியை ஓட்டும் லினக்ஸ் இயங்குதளத்தில் விசைப்பலகைகளை நாட்டுக் குறியீட்டின் கீழ்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் தட்டும் தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை இந்தியாவின் கீழே. இலங்கையின் கீழேயும் தமிழ் உண்டு. மலாய்க்கும் ஆங்கிலத்துக்கும் நாமெல்லாம் தட்டுவது அமெரிக்க அமைப்பு. மலேசியாவின் பெயரில் இருப்பது ஜாவிக்கான, அதாவது மலாயை அரபு எழுத்தில் எழுதும் முறைக்கான விசைப்பலகை. ஆக, என் பேனலில் ஜாலோர் கெமிலாங் (மலேசியக் கொடி) பறக்க வேண்டுமென்றால் நான் ஜாவி படிக்க வேண்டும்.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை மொழி மாற்றுகிறேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. கொடியோ அரிசி மணி அளவு. கண்ணாடியின் பவர் வேறு ஏறிவிட்டது. விசைப்பலகை மாறவில்லை என்று கவனிக்காமல் ‘கெப்பாடா’ (மலாயில் ‘பெறுநர்’) என்று கடிதத்தைத் தொடங்கினால் திரையில் ‘ம’ முளைக்கும், ஏனென்றால் தமிழ்99-இல் கே விசையில் உட்கார்ந்திருப்பது ‘ம’. அழி, மாற்று, திரும்ப அடி. பக்கத்தில் நிற்கும் ஆள், ‘என்னங்க, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?’ என்பார்.

அப்போது நான் வைத்திருந்த பேனல் எது என்பது வேண்டாம். அதைச் செய்தவர்களுக்கு, மலேசியக் கொடியைச் சேர்த்துக் கொடுங்கள் என்று எழுதினேன். மரியாதையாகத்தான் பதில் வந்தது: இது மிகச் சிலருக்கு மட்டுமே தேவைப்படும் விஷயம், சேர்ப்பதற்கில்லை. இரண்டு நாள் கோபம். அந்த ‘மிகச் சிலருக்கு’தான் குத்தியது. நம்மை எண்ணிப் பார்த்தது யார்?

கோபம் ஆறிய பிறகுதான் நான் கேட்டதே தப்பு என்று பட்டது. என் கஷ்டத்தைச் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்த மருந்தைக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கொடி கொடுத்தால் நாளைக்கு சிங்கப்பூர்க்காரர் கேட்பார், அடுத்து மொரிஷியஸ். ஆளுக்கொரு பொத்தான் வைத்தால் செட்டிங்ஸ் பக்கம் பாசார் மாலாம் (இரவுச் சந்தை) மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு பொத்தானையும் சம்பளம் வாங்காத யாரோ ஒருத்தர் ஒவ்வொரு பதிப்பிலும் சோதித்துப் பார்க்கவும் வேண்டும்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கத்திதான். அப்பாவுக்கு உள்ளங்கை வேர்க்கும், அதனால் பிடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாகச் சுற்றியிருப்பார். பக்கத்து நிரைக்காரர் சுற்றியிருந்தது துணி. தோட்டத்து நிர்வாகம் நாற்பது வகைப் பிடி செய்து தரவில்லை. சுற்றுவதற்கு ஒரு மரப்பிடியை விட்டுவைத்தது, அவ்வளவுதான். மென்பொருள் செய்பவர்களிடம் நான் கேட்பதும் அந்தப் பிடியைத்தான்.

சிலர் அதையும் பிடுங்கிக்கொள்கிறார்கள். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரை (பேனலுக்கு அங்கே அதுதான் பெயர்) பக்கவாட்டில் வைக்கும் வசதி போய்விட்டது. திறந்திருப்பவற்றைத் தனித்தனியாகப் பெயரோடு காட்டும் வசதியும் போய், ஜனங்கள் கேட்டுக் கேட்டு 2023-இல்தான் திரும்பி வந்தது. பக்கவாட்டில் வைப்பது வெறும் ஆசை என்று நினைக்காதீர்கள். என் பழைய திரை 1366-க்கு 768 புள்ளி (பிக்சல்). கீழே 48 புள்ளி உயரத்துக்கு ஒரு பட்டை படுத்துக்கொண்டால் உயரத்தில் பதினாறில் ஒரு பங்கு காலி. நான் நாள் முழுக்கப் பார்ப்பது நிமிர்ந்து நிற்கும் ஏ4 தாள்.

இப்போது லினக்ஸிலேயே எக்ஸ்எஃப்சிஈ என்ற வேறொரு மேசைத்தளத்துக்கு மாறிவிட்டேன். பேனலை இடப்பக்கம் நிறுத்தியாச்சு. அதில் ஜென்மான் என்று ஒரு செருகி (பிளக்இன்) உண்டு. பார்வைக்கு ஒன்றுமே இல்லை. நாம் ஒரு கட்டளை கொடுத்தால், சொன்ன இடைவெளியில் அதை ஓட்டி, வருவதை அப்படியே பேனலில் காட்டும். எழுத்தின் நிறம், அளவு எல்லாம் நம் இஷ்டம். தமிழ் என்றால் சிவப்பில் பெரிய ‘த’, மற்றதற்கு நீலத்தில் ‘ரூ’ (ரூமி, மலாயில் ஆங்கில எழுத்துக்கு அதுதான் பெயர்). எட்ட நின்றாலும் தெரிகிறது. இதைச் செய்தவருக்கு சுங்கை சிப்புட் எங்கே இருக்கிறது என்றே தெரிந்திருக்காது!

பழைய பேனல்காரர்களுக்கும் திருப்பி எழுதிவிட்டேன். கொடிப் பேச்சையே எடுக்கவில்லை. மொழி காட்டும் இடத்தில் என்ன எழுத்து வர வேண்டும் என்பதைப் பயனரே எழுதிக்கொள்ள ஒரு கட்டம் வையுங்கள், எங்கள் ஊரில் ஒரே கடையில் இப்படி மூன்று மொழி ஓடுகிறது என்று மட்டும் சொன்னேன். பதில் இன்னும் வரவில்லை.

என் ‘த’விலும் ஒரு குறை உண்டு. விநாடிக்கு ஒரு தடவைதான் பார்த்து மாறுகிறது, என் விரல் அதற்கு முன்பே ஓடிவிடுகிறது. விசைப்பலகை மாறிய உடனே செருகியைத் தட்டி எழுப்பவும் ஒரு கட்டளை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டணும். இன்று காலையில்கூட ஒரு ‘கெப்பாடா’ ‘ம’வில்தான் தொடங்கியது.