புயல் விட்டுவைத்த பெட்டி

2008 மே மாதம் நர்கிஸ் புயல் மியான்மரின் யாங்கோன் நகரில் எங்கள் கூரைத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. அம்மாவின் வெற்றிலைப் பெட்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. நேற்று சின்னவன் அதைக் கவிழ்த்துப்போட்டு மேலே ஏறி நின்றான். அலமாரிமேல் மாட்டிய பிரம்புப் பந்தை எடுக்கணுமாம்!

பகான் ஊரில் செய்த அரக்குப் பெட்டி அது. மூங்கில் பின்னி, தித்சி மரப்பாலைப் பூசி, நிலவறையில் காயவைத்து, தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி காயவைத்து... மாதக்கணக்கான வேலை. உடைய ஒரு நொடி.

போன மாதம் முகத்தில் பூசுகிற தனக்கா மரப்பட்டையை அரைக்கிற கல் விளிம்பு உடைந்தது. பொங்கலுக்கு மட்டும் இறக்குகிற வெண்கலப் பானையில் பையன்கள் நண்டு வளர்க்கிறார்கள். 6 கண்ணாடித் தம்ளரில் மிச்சம் 1. கேட்டால், "தானா விழுந்துச்சும்மா." தானாக எப்படிடா விழும்?

பெட்டியின் மூடி இரண்டாகக் கிடக்கிறது. அம்மாவும் இல்லை. யாரிடம் போய்ச் சொல்லி அழ?