அன்சப்ஸ்கிரைப் பண்ணாலும் விடமாட்டேங்கிறாங்க

காலைல கண்ணு முழிச்சு போனை எடுத்தா பதினேழு மெயில், ஒம்போது மெசேஜ், அதுல ஒண்ணு கூட தெரிஞ்ச மனுஷங்க அனுப்பினது இல்ல. லோன் ரெடி, பார்சல் நிக்குது அட்ரஸ் அப்டேட் பண்ணுங்க, ஆஃபர் இன்னைக்கு ராத்திரியோட முடியுது... எரிச்சலா வருது. போன வாரம் அம்மாவோட பிளட் ரிப்போர்ட் வந்த மெசேஜ் இந்தக் குப்பைக்குள்ள புதைஞ்சு ரெண்டு நாள் கழிச்சுதான் கண்ணுல பட்டுச்சு, அந்த ஆத்திரம் இன்னும் அடங்கல எனக்கு.

இனிமே மெயில் வேணாம்னு விலகுற அன்சப்ஸ்கிரைப் லிங்க்க தேடுறதே தனி வேலை, கடைசி வரில சாம்பல் கலர்ல எறும்பு சைஸ்ல ஒளிச்சு வச்சிருக்கான், அமுக்கினா முதல்ல லாகின் பண்ணுங்கறான். மொத்தமா அனுப்புறவங்க ஒரே கிளிக்ல விலக வழி வைக்கணும்னு 2024ல ஜிமெயிலும் யாஹூவும் ரூல் போட்டாங்க, நல்ல விஷயம், ஒழுங்கான கம்பெனிங்க கேக்குது. ஆனா முன்பின் தெரியாதவன் மெயில்ல அந்த லிங்க்க தொட்டுடாதீங்க, இந்த அட்ரஸ்ல ஆள் இருக்குன்னு அவனுக்கு உறுதியாயிடும், அப்புறம் இன்னும் கொட்டுவான். மெயிலுக்குள்ள கண்ணுக்கே தெரியாத ஒரே ஒரு பிக்சல், அதாவது ஒரு புள்ளி அளவு படத்த வச்சு, அது லோட் ஆகுதானு பாத்து நாம திறந்தோமானு கூட கண்டுபிடிக்கிறாங்க, தெரிஞ்சதும் படம் தானா லோட் ஆகறத ஆஃப் பண்ணிட்டேன்.

மெசேஜ் கதை இன்னும் மோசம். பிளாக் பண்ணா மறுநாளே வேற நம்பர்ல அதே வரி, அதே எழுத்துப்பிழையோட வருது. நேத்து மட்டும் நாலு நம்பர பிளாக் பண்ணேன்.