ஊதாவை யாரும் வாங்கலை, அந்த வீடியோவை ஷேர் பண்றதை நிறுத்துங்க

ஊதா நிறமே கேட்பரி சாக்லேட் கம்பெனிக்குச் சொந்தம்னு சொல்ற அந்த வீடியோவை இன்பாக்ஸ்ல அனுப்புறதை தயவுசெஞ்சு நிறுத்துங்க. பார்த்தாச்சு. லாவெண்டர் சோப்பு விக்கிற அக்கா பதிவுக்குக் கீழே நடந்த கூத்தையும் பார்த்தாச்சு. "ஊதா கேட்பரிக்குச் சொந்தம், கேஸ் போட்டா வீட்டை விக்கணும்"னு ஆளாளுக்கு வக்கீல் ஆகி, பாவம், அவங்க சோப்போட ஊதாப் பெட்டியையே மாத்தப் போறேன்னு அறிவிச்சுட்டாங்க. ரெண்டு வரி விளக்கம் போட்ட எனக்குக் கிடைச்ச பட்டம் "கார்ப்பரேட் கைக்கூலி". ரொம்ப சந்தோஷம்.

நிறத்தை யாராலும் வாங்க முடியாது. ஒரு நிறம், ஒரு வகைப் பொருள் மேல, ஒரு நாட்டுல, "இது இன்னார் சரக்கு"ன்னு ஜனங்களுக்கு அடையாளமா நிக்குதா? நின்னா அந்த அடையாளத்துக்குச் சட்டக் காப்பு, அதுதான் டிரேட்மார்க், அதாவது வணிக முத்திரை. நிறத்துக்கு இல்லை.

கேட்பரியையே எடுத்துக்குங்க. 2004-ல பிரிட்டன்ல பான்டோன் 2685சி-ங்கற ஊதாவை (பான்டோன்ங்கறது அச்சுக்காரங்க நிறத்துக்கு எண் கொடுக்கிற அட்டவணை) முத்திரையாப் பதிய விண்ணப்பிச்சாங்க. வழக்கு வரைக்கும் போனது சாக்லேட் கட்டி, குடிக்கிற சாக்லேட் வகையறாவோட உறைக்காக. சோப்பு அதுல எங்கே வருது? அதுவும் லேசுல கிடைக்கலை. நெஸ்லே எதிர்த்துச்சு, 2013-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிடுச்சு. காரணம், உறை முழுக்க ஊதா "அல்லது ஊதா மேலோங்கி"ன்னு எழுதியிருந்தாங்க. மேலோங்கின்னா எவ்வளவு? பாதிக்கு மேலயா, முக்காலா? மீதி இடத்துல கோடா, புள்ளியா? அதுக்குள்ள ஆயிரம் பெட்டி அடங்கும், அப்படி ஒண்ணைப் பதிய முடியாதுன்னுட்டாங்க. 2022-ல திரும்பப் போய் ஓரளவு ஜெயிச்சாங்க. நூறு வருஷமா சாக்லேட் விக்கிறவனுக்கே இந்தப் பாடு.

"எங்க ஊதா வேற ஷேடு"ன்னு வாதாடின நண்பர்களே, நீங்களும் உதவி செய்யலை. 2685-ங்கறது தனி மை, தனி பிளேட். நாலு கலர்ல அடிச்சா அப்படியே வராது, மேல மேட் லேமினேஷன் போட்டா இன்னும் மங்கும். ஆனா ஷேடு மாறுதுங்கறது தப்பிக்கிற வழியே இல்லை. பார்க்கிறவனுக்கு ஒண்ணு போலத் தெரிஞ்சாலே போதும். நம்ம வழி, பொருள் வேறங்கறதுதான். டிரேட்மார்க் பதிவேட்டுல சோப்பு வகுப்பு 3, சாக்லேட் வகுப்பு 30.

உடனே ஒருத்தர் வருவார்: "புகழ்பெற்ற முத்திரைன்னா மத்த பொருளுக்கும் காப்பு நீளும், நம்ம டிரேட்மார்க் சட்டத்துல பிரிவு 29 படிச்சீங்களா?" படிச்சேன் சார். நீளும். ஆனா காரணமில்லாம அவன் பேர்ல குளிர்காயறோம்னு அவன் காட்டணும். லாவெண்டர் சோப்புப் பெட்டி மேல லாவெண்டர் பூவோட நிறம் இருக்கறதுக்கா காரணம் கேட்கிறீங்க?

நிறம் ஒரு வேலை செஞ்சா அதைப் பூட்டவும் விடமாட்டாங்க. அமெரிக்காவுல மெர்க்குரி படகு மோட்டார்காரங்க கறுப்பைக் கேட்டாங்க. கறுப்பு அடிச்சா மோட்டார் சின்னதாத் தெரியும், எந்த நிறப் படகுக்கும் பொருந்தும், அந்த வசதி எல்லாருக்கும் வேணும்னு 1994-ல மறுத்துட்டாங்க. அடுத்த வருஷமே அங்க உச்ச நீதிமன்றம் டிரை கிளீனிங் கடை இஸ்திரி மெஷின்ல போடுற திண்டோட பச்சை-தங்க நிறத்தை ஏத்துக்கிச்சு, ஏன்னா அந்தத் திண்டுக்கு அந்த நிறம்தான் வேணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை.

நம்ம 1999 டிரேட்மார்க் சட்டம் "நிறங்களின் சேர்க்கை"ன்னுதான் சொல்லுது. 2003-ல கோல்கேட் பல்பொடி டப்பா வழக்குல காப்பு கிடைச்சது மூணுல ஒரு பங்கு சிவப்பு, ரெண்டு பங்கு வெள்ளைங்கற அமைப்புக்கு. வெறும் சிவப்புக்கு இல்லை. ஒத்தை நிறத்துல நீதிபதிகளே ஒத்துப்போகலை. லூபூட்டன்ங்கற பிரெஞ்சு கம்பெனி செருப்போட சிவப்பு அடிப்பாகத்தை 2017 டிசம்பர்ல டெல்லி உயர் நீதிமன்றம் புகழ்பெற்ற முத்திரைன்னுச்சு. அடுத்த மே மாசம் அதே நீதிமன்றத்துல இன்னொரு நீதிபதி ஒத்தை நிறம் முத்திரையே ஆகாதுன்னார்.

"அப்போ சென்னையில பிறந்த விஞ்ஞானி மாஸ் சுப்ரமணியன் நீலத்துக்குக் காப்புரிமை வாங்கலையா?" அடுத்த ஃபார்வர்டு. வாங்கினது நீலத்துக்கு இல்லைங்க. 2009-ல ஓரிகான்ல இட்ரியம், இண்டியம், மாங்கனீஸ் ஆக்சைடுகளை 1200 டிகிரி பக்கம் சுட்டப்ப வந்த பொருளுக்கு. வேற ரசாயனத்துல அதே நீலம் பண்ணுங்க, எவன் கேட்பான்?

சரி, கம்பெனிகள் உத்தமர்களான்னா, இல்லை. ஜெர்மன் போன் கம்பெனி டாய்ச் டெலிகாம் தன் மஜெண்டாவுக்காக (ஒரு அடர் இளஞ்சிவப்பு) 2019-ல லெமனேடுங்கற இன்சூரன்ஸ் கம்பெனி மேல பாய்ஞ்சுது. போன் கம்பெனிக்கும் இன்சூரன்ஸுக்கும் என்ன சம்பந்தம்? ஜெர்மனியில லெமனேடு நிறத்தை மாத்திக்க வேண்டியதாச்சு. ஆனா லெமனேடு எதிர்த்துக் கேட்டதுல பிரான்ஸ்ல டெலிகாம் தோத்துச்சு. ஒரு நோட்டீஸுக்கே பெட்டியை மாத்திடுவோம்னு இந்தப் பெரிய கம்பெனிகளுக்குத் தெரியும், அதனாலதான் அனுப்புறாங்க. இங்க நோட்டீஸே வரலை, கமெண்ட்டே போதுமா இருந்துச்சு! வந்து பயமுறுத்தினவங்கள்ல ஒருத்தராவது பதிவேட்டைத் திறந்து பார்த்தீங்களா? தேடுறது இலவசம்தானே. கைக்கூலி நானாம்.

அக்கா, அச்சகத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துட்டீங்கன்னா இன்னைக்கே போன் போட்டு நிறுத்தச் சொல்லுங்க. இருக்கிற பெட்டியில உங்க கடைப் பேரை மட்டும் இன்னும் பெருசா ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்க. நோட்டீஸ்னு ஏதாவது நிஜமாவே வந்தா அதுல எந்த வகுப்பு, எந்தப் பதிவு எண்ணுன்னு பாருங்க. ரெண்டும் இல்லாத நோட்டீஸா இருந்தா எனக்கு அனுப்புங்க.