கையைக் கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன்

நேற்று இரவு நம் நாடக வாசிப்புக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் விட்டுவிடுங்கள், ஸ்கிரீன்ஷாட் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். அடுத்த வருட ஒருங்கிணைப்பாளர் பொறுப்புக்கு என் பெயரைக் கொடுத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் அந்த வரி வந்து விழுந்தது: "லேடி மேக்பெத் கிளம்பிட்டாங்க. கையைக் கழுவிட்டு வாங்க மேடம்." ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் புருஷனை ராஜாவாக்க ராஜாவையே கொல்லத் தூண்டிவிட்டு, பிறகு தூக்கத்தில் நடந்தபடி கையில் இல்லாத ரத்தத்தைத் தேய்த்துக்கொண்டே இருப்பவள் லேடி மேக்பெத். பொறுப்புக்கு ஆசைப்பட்டதால் நானும் அவளாம். கீழே 42 சிரிப்புகள். எண்ணினேன். ஆமாம், எண்ணினேன்.

விளையாட்டுக்குச் சொன்னதை இப்படி இழுக்கலாமா என்று கேட்பீர்கள். எனக்கும் சிரிக்கத் தெரியும். ஆனால் ஒன்றரை மாதமாக வாரம் தவறாமல் அந்த நாடகத்தை வரிவரியாகப் படித்த குழுவிலிருந்து இது வந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை வாரம் என்னதான் படித்தோம்?

மேக்பெத் ராஜாவாக ஆசைப்பட்டதால் அழியவில்லை. தன் வீட்டில் விருந்தாளியாக வந்து தூங்கிக்கொண்டிருந்த கிழட்டு ராஜா டங்கனைக் குத்தியதால் அழிந்தான். ஆசை வேறு, கத்தி வேறு. இதை நாடகமே பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி வைத்துச் சொல்கிறது. மேக்பெத்தின் சக தளபதி பாங்கோ. அதே வெட்டவெளி, நீ ராஜாவாவாய் என்று மேக்பெத்துக்குச் சொன்ன அதே மூன்று சூனியக்காரிகள். அவனுக்கும் வாக்குக் கொடுக்கிறார்கள்: நீ அரசனாக மாட்டாய், உன் வழியில் அரசர்கள் வருவார்கள். அவனுக்கு மட்டும் ஆசை வரவில்லையா? வருகிறது. மூன்றாம் அங்கத் தொடக்கத்தில் தனியாக நின்று, இவனுக்குச் சொன்னது பலித்துவிட்டதே, எனக்குச் சொன்னதும் பலிக்காதா என்று நினைக்கிறான். பிறகு தன் வாயைத் தானே அடக்கிக்கொள்கிறான். ஆசைப்பட்டான், கத்தியை எடுக்கவில்லை.

இங்கே ஒருவர் எழுந்து, ஷேக்ஸ்பியர் எடுத்தாண்ட ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்கோவும் கொலைக்கு உடந்தை என்பார். உண்மைதான். 1603-இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ் தன்னைப் பாங்கோவின் வம்சம் என்று சொல்லிக்கொண்டவர், அதனால் அவனை நல்லவனாக்கிவிட்டார்கள் என்பார். சரி, ராஜாவைக் குளிரவைக்கத்தான் மாற்றினார் என்றே வைத்துக்கொள்வோம். மாற்றியபோதும் பாங்கோவை ஆசையே இல்லாத சாமியாராக்கவில்லையே. அதை ஏன் விட்டுவைத்தார்?

அடுத்த கேள்வி கொஞ்சம் கனமானது. "மேக்பெத்தே ஒப்புக்கொள்கிறானே, தன்னைத் தள்ளுவது ஆசை மட்டும்தான் என்று?" ஒப்புக்கொள்கிறான். குதிரைமேல் தாவி ஏறப் பார்த்து, தாவிய வேகத்தில் அந்தப் பக்கம் போய் விழுகிறவனைப் போன்ற ஆசை என்கிறான். அழகான உவமை. எல்லாரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அடுத்து மனைவி உள்ளே வந்ததும் "இந்த விஷயத்தில் இதற்கு மேல் போக வேண்டாம்" என்று அவன் சொல்வதை மட்டும் யாரும் காட்டுவதில்லை. ஆசை இருந்தபடியே நின்றுவிட அவனால் முடிந்திருக்கிறது, அரைப் பக்கத்துக்காவது.

தெரியும், தெரியும். "பார்த்தீர்களா, அவன் நிறுத்தினான், அவள்தான் கிளப்பிவிட்டாள்." இதற்குத்தானே காத்திருந்தீர்கள். கிளப்பிவிட்டாள், நீ ஆம்பளையா என்று கேட்டாள், மறுக்கவில்லை. ஆனால் கொலை என்ற நினைப்பு அவன் மனதில் வந்தது அவள் மேடைக்கே வராத காட்சியில். பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பியபோது அவளுக்குச் சொல்லவே இல்லை. எதிரியாகிவிட்ட மெக்டஃப் பிரபுவின் வீட்டில் குழந்தைகளை வெட்டியதில் அவளுக்குப் பங்கு ஏது? அதெல்லாம் முழுக்க முழுக்க அய்யாவின் சொந்த முயற்சி. ஆனாலும் திட்டுவதற்கு அவள் பெயர்தான் வசதி.

கல்லூரியில் இதே நாடகத்தில் நடித்திருக்கிறேன். லேடி மேக்பெத்தாக அல்ல. அந்த வேடம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். "ரொம்பப் பறக்காதே" என்றார் இயக்கியவர். தாதி வேடம் கொடுத்தார்கள். ஐந்தாம் அங்கம், முதல் காட்சி. அவள் தூக்கத்தில் நடந்து வருவதை மருத்துவரோடு ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும். கையில் விளக்கு எப்படி வந்தது என்று மருத்துவர் கேட்பார். எப்போதும் பக்கத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும், அது ராணியம்மா உத்தரவு என்பது என் வரி. முதல் அங்கத்தில் கும்மிருட்டே வா என்று கூப்பிட்டவள் இவள்.

நடித்த பெண் நிஜ மெழுகுவர்த்தி வைத்திருந்தாள். ஒருநாள் மெழுகு உருகி அவள் கட்டைவிரலில் வழிந்துவிட்டது. கையைத் தேய்க்கும் இடம் வந்ததும், ஒத்திகையில் செய்தபடி இரண்டு கையையும் தேய்க்காமல், அந்த ஒரு விரலையே சுரண்டிக்கொண்டிருந்தாள். மெழுகு வரவில்லை. நகம்பட்டுத் தோல் சிவந்துவிட்டது. மூன்றடி தள்ளி நின்ற எனக்கு அடுத்த வரி மறந்துபோனது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் காட்சியில் தண்ணீரே கிடையாது. வெறும் கையைத்தான் தேய்க்கிறாள், கால் மணி நேரம்கூடத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன் என்று தாதியே சொல்கிறாள். "கழுவிட்டு வாங்க" என்று எழுதிய நண்பருக்கு இது தெரியுமா? தெரிந்திருந்தால் அந்தக் காட்சியை வைத்துச் சிரிப்பு மூட்ட மனம் வந்திருக்காது.

நான் பேராசைக்கு வக்காலத்து வாங்கவில்லை. அது ஆளை அழிக்கும். அதற்குத்தான் மார்லோவின் டாக்டர் ஃபாஸ்டஸ் இருக்கிறானே. 24 வருட சக்திக்காகச் சாத்தானுக்குத் தன் ஆன்மாவையே எழுதிக் கொடுக்கிறான். உலகத்தையே ஆளப்போகிறேன் என்று ஆரம்பித்தவன் கடைசியில் என்ன செய்கிறான்? கர்ப்பிணியான ஒரு சீமாட்டி நடுக்குளிரில் திராட்சைப்பழம் கேட்டாள் என்று வரவழைத்துக் கொடுக்கிறான். எனக்கு அந்தத் திராட்சைதான் பயம் தருகிறது. ஆனால் அவனும் விழுந்தது எதைக் கேட்டான் என்பதால் அல்ல, எதை விற்றான் என்பதால். மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன், பாருங்கள்.

தமிழில் நமக்கு இன்னொரு வசதி. ஆங்கிலத்தில் 'ஆம்பிஷன்' என்று ஒரே சொல்லாக இருப்பதை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம்: லட்சியம், பேராசை. யார் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எதை ஒட்டுவது என்று முடிவு செய்துகொள்ளலாம். போன வருடம் இதே பொறுப்புக்கு ஒருவர் பெயர் கொடுத்தபோது "துடிப்பானவர்" என்று வாழ்த்தினோமே. நானும்தான் வாழ்த்தினேன்.

இந்தச் சொல்லை வைத்து என்ன செய்யலாம் என்று பார்க்க மேக்பெத் வேண்டாம், ஜூலியஸ் சீசர் போதும். சீசரைக் குத்தியாகிவிட்டது, குத்தியவர்களில் ஒருவனான புரூட்டஸ் கணக்குச் சொல்கிறான்: அன்புக்குக் கண்ணீர், வீரத்துக்கு மரியாதை, பேராசைக்கு மரணம். கூட்டம் தலையாட்டுகிறது. மூன்று முறை கிரீடம் நீட்டினார்கள், மூன்று முறையும் வேண்டாம் என்றாரே, இதுவா பேராசை என்று பிறகு சீசரின் நண்பன் ஆண்டனி கேட்கிறான். சீசர் உத்தமர் என்று நான் சொல்லவரவில்லை, ஆண்டனியும் ஒன்றும் யோக்கியன் இல்லை. ஒருத்தனைக் குத்துவதற்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது, அதைச் சொல்கிறேன்.

"உங்களை யாரும் குத்தவில்லையே, ஒரு கமெண்ட்தானே?" சரிதான். ஆறு வருடமாக இந்தக் குழுவுக்குப் பிரதி எடுத்ததும், வராதவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டதும், யாரும் எடுக்காத வேடங்களை எல்லாம் நானே வாசித்ததும்கூட ஒன்றுமில்லாத விஷயம்தான். மூன்றாம் கொலையாளி, ரத்தம் வடிய வரும் படைத்தலைவன், வாயிற்காவலன், எல்லாம் நான். அப்போது யாருக்கும் நான் லேடி மேக்பெத்தாகத் தெரியவில்லை. ஒரு தடவை வாய்திறந்து எனக்கு இது வேண்டும் என்றேன், உடனே கையில் ரத்தம் தெரிந்துவிட்டது. சிரித்தவர்களில் மூன்று பேர் என் நெருங்கிய தோழிகள். அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இன்று காலை அந்த வரியை எழுதியவர் "தப்பா எடுத்துக்காதீங்க" என்று அனுப்பியிருந்தார், கூடவே ஒரு கும்பிடு. நானும் ஒரு கும்பிடு அனுப்பிவிட்டேன்.

பெயரை வாபஸ் வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் அங்கம் வாசிக்கிறோம். தாதியின் வரிகளை இன்னும் யாரும் எடுக்கவில்லை. இந்த முறை நான் எடுப்பதாக இல்லை. அவருக்கு விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளட்டும்.