40,000 வோல்ட் காயிலால் இன்ஜினின் வலு கூடுமா?

பழைய காரில் 40,000 வோல்ட் இக்னிஷன் காயிலைப் (பேட்டரியின் குறைந்த மின்னழுத்தத்தைப் பொறி பாயும் அளவுக்கு உயர்த்தும் பாகம்) பொருத்தினால் இன்ஜினின் வலு கூடும் என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி இல்லை. அந்த எண் காயில் எட்டக்கூடிய உச்சம் மட்டுமே. ஸ்பார்க் பிளக்கின் முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியைத் தாண்டத் தேவையான மின்னழுத்தம் வந்த கணமே பொறி பாய்ந்துவிடும். அதற்கு மேல் அது ஏறாது. பழைய இன்ஜின்களில் அந்த இடைவெளி பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டரை ஒட்டியது. நல்ல நிலையிலுள்ள சாதாரணக் காயிலே அதற்குத் தாராளம். மாற்றியபின் வண்டி துடிப்பாக ஓடுகிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலும் அவர்களுடைய பழைய காயில் பழுதாகியிருக்கும்.

நீங்களே சோதிக்கலாம். பிளக், டைமிங் (பொறி பாயும் தருணம்) எதையும் தொடாமல் காயிலை மட்டும் மாற்றி, ஒரே சாலையில், ஒரே கியரில் 40 கிலோமீட்டரிலிருந்து 80-க்கு வேகம் ஏற ஆகும் நேரத்தை இரண்டிலும் குறித்துப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் காயிலின் இரு சிறு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வையுங்கள். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் குறைக்கும் மின்தடை) இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு ஏறத்தாழ 3 ஓம் வேண்டும். 1.5 ஓம் காட்டினால் தயவுசெய்து பொருத்தாதீர்கள்: மின்னோட்டம் இரு மடங்காகி காண்டாக்ட் பாயிண்ட் (காயிலின் மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) கருகிவிடும்.