தாய்மாரைக் குறை சொல்லாதீர்கள்
அமெரிக்காவில் வாழும் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) குழந்தைகளின் உடல்பருமனுக்குத் தாய்மாரின் அறியாமையே காரணம் என்பதுபோல் கட்டுரை பேசுவது வருத்தமளிக்கிறது. வருமானம் குறைந்த தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்குமான 'விக்' என்னும் அரசு ஊட்டச்சத்துத் திட்டத்தின் உணவுப் பட்டியல் 2009இல் திருத்தப்பட்டது. குழந்தைகளுக்கான பழச்சாறு பாதிக்கும் கீழே குறைந்தது. காய்கறி, பழம் வாங்கத் தனித்தொகை வந்தது. அந்த வீடுகளில் அன்றாடம் புழங்கும் மக்காச்சோள டார்ட்டியா ரொட்டியும் பட்டியலில் சேர்ந்தது. அவர்கள் சமையலை மதித்த திருத்தம் அது! திட்டத்திலுள்ள 2 முதல் 4 வயது லத்தீனோ குழந்தைகளிடையே 2010க்குப் பின் பருமன் குறைந்தது.

பிறகு 2019இல், அரசு உதவி பெறும் குடியேறிகளுக்கு நிரந்தரமாகத் தங்கும் உரிமையான கிரீன் கார்டை மறுக்க வழிசெய்த 'பொதுச்சுமை' விதி வந்தது. அந்த விதி கணக்கில் எடுத்த உதவிகளில் விக் சேரவே இல்லை. ஆனாலும் கிரீன் கார்டு கைநழுவுமோ என்று அஞ்சிப் பல குடும்பங்கள் விக் திட்டத்திலிருந்து ஒதுங்கின. இதைப் பற்றிக் கட்டுரையாளர் ஒரு வரிகூட எழுதாதது ஏன்?